வீட்டுக்கு வைத்த எலுமிச்சம்பழம்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டி நின்ற கோமதி நிவாஸ் என்கிற மூன்று மாடிக் குடியிருப்பு விஜயதசமி அன்று காலையில் வடக்கே ஒரு சாண் நகர்ந்திருந்தது. வாசல் தெளிக்க வந்த பரிமளாதான் அதை முதலில் பார்த்தாள். முந்தைய நாள் அவள் போட்ட கோலத்தில் பாதியை வாசற்படி விழுங்கியிருந்தது. கட்டடத்தின் நாலு மூலையிலும் அவள் வைத்திருந்த நாலு எலுமிச்சம்பழங்களும் நசுங்கி, விதை பிதுங்கி, சாறு காய்ந்து கிடந்தன. அவள் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றாள். பழம் வைத்தால் வண்டி ஏறி நசுக்கத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மிச்சக் கோலத்தை அழித்துவிட்டு, ஒரு சாண் தள்ளிப் புதுக்கோலம் போட்டாள்.

அந்தப் பழங்கள் ரயிலுக்கு வாங்கியவை. அந்த லைனில் தினமும் போய் வருகிற பெண்கள் ஆயுதபூஜைக்கு முதல் நாள் தங்கள் பெட்டிக்குப் பூஜை போடுவார்கள். ஜன்னல் கம்பிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை பங்கு போட்டு, தங்களை ஏற்றி இறக்குகிற இரும்புக்கு ஒரு நாள் மரியாதை செய்வார்கள். அந்த வருஷம் பரிமளா ஆசைப்பட்டு ஆறு எலுமிச்சம்பழமும் வாங்கிப் போனாள். சக்கரத்துக்கு அடியில் பழமெல்லாம் வைக்கக் கூடாது என்று பிளாட்பாரத்தில் ஒருவர் அதட்டிவிட்டார். ஆறும் வீடு வந்தன. மறுநாள் அவள் புருஷன் குணசீலனின் பைக்குக்கு இரண்டு போனது போக, கையில் நாலு மிஞ்சின. நாலு பழத்தைப் பார்த்தால் நாலு சக்கரம் நினைவுக்கு வரும். அவளிடம் நாலு சக்கரத்தில் எதுவும் இல்லை. நாலு மூலைகளோடு ஒரு வாடகை வீடுதான் இருந்தது.

அவள் விளையாட்டாகத்தான் வைத்தாள் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். விளையாட்டு இல்லை, அது கோபம். அந்தக் கோபத்துக்கு ஏழு வயசு.

ஏழு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், அவளும் குணசீலனும் வீடு தேடினார்கள். அவளுக்கு வேலை மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களின் கையைத் தடவி, ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. மயிலாப்பூரில் அவர்களுக்குக் காட்டிய வீடு ஒரே அறை. கக்கூஸ் ஐந்து குடித்தனத்துக்குப் பொது, சாவி நடைபாதையில் ஆணியில் தொங்கும். அதற்கு அவள் சம்பளம் முழுசும் போய், அவன் சம்பளத்திலும் கை வைக்க வேண்டும். கோமதி நிவாஸில் இரண்டு அறை, சமையற்கட்டு, தனிக் கக்கூஸ், துணி காயப்போட பால்கனி, வாடகை அதில் கால்வாசி. தரகர் கொடுத்த நோட்டீஸில் ‘சிட்டியிலிருந்து நாற்பதே நிமிடம்’ என்று போட்டிருந்தது. எந்த வண்டியில், எந்தச் சாலையில், எந்த யுகத்தில் நாற்பது நிமிடம் என்று அதில் போடவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்த ஒரு மனுஷனை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் நோட்டீஸ் அடித்தவர்கள் ராத்திரி நிம்மதியாகத்தான் தூங்குகிறார்கள்.

இருவரும் ஒரு தாளை நடுவில் மடித்து, இந்தப் பக்கம் அதன் நல்லது கெட்டது, அந்தப் பக்கம் இதன் நல்லது கெட்டது என்று எழுதிப் பார்த்தார்கள். எல்லோரும் செய்வதுதான். எழுதாமல் விட்டது ஒன்றே ஒன்று, அது அப்போது பிறந்திருக்கவில்லை. நிறைமதி என்று பெயர் வைத்தார்கள். விடியற்காலை ஐந்தேகால் வண்டிக்குப் பரிமளா கிளம்பும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் பறக்கும் ரயில், அப்புறம் நடை. சாயங்காலம் அதே மூன்றும் தலைகீழாக. இரவு எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைந்தால் பிள்ளை தட்டின் மேலேயே தூங்கி வழியும். நாளுக்கு நாலரை மணி நேரம் என்று வைத்தால், ஏழு வருஷத்தில் ஒரு முழு வருஷத்துக்கும் மேலாக அவள் ரயிலில் குடியிருந்திருக்கிறாள். அந்த வருஷத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

குணசீலன் தாம்பரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான், பத்து மணிக்குத் திறந்தால் போதும். ஆகவே பிள்ளைக்குத் தலை பின்னுவது அவன் வேலையாயிற்று. அவன் சார்ஜர் ஒயரை முறுக்குகிற மாதிரி முறுக்கி ரப்பர் பேண்டு போடுவான். ‘தலை சரியாகப் பின்னி அனுப்பவும்’ என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார். பின்னத் தெரிந்த கை அந்த நேரத்தில் மயிலாப்பூரில் யார் கையையோ தடவிக்கொண்டிருந்தது.

வண்டி தாமதமாகி அவள் பத்து நிமிஷம் பிந்திப் போகிற நாள்களில், லேபின் மேனேஜர் ஸ்ரீவத்சன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் வீடு அடுத்த தெரு. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேட்டியை மாற்றினால் ஆபீஸ். “கொஞ்சம் பக்கத்துலயே வீடு பாத்துக்கக் கூடாதாம்மா?” என்பார். கெட்ட மனுஷன் இல்லை, குரலை உயர்த்த மாட்டார், நல்ல யோசனை சொல்கிற தொனியில்தான் சொல்வார். அந்தத் தொனிதான் அவளுக்குப் பொறுக்காது. பக்கத்தில் வீடு என்பது கடைத்தெருவில் கொட்டிக் கிடப்பது போலவும், இவள்தான் சோம்பல்பட்டு எடுக்காமல் வந்துவிட்டது போலவும்.

பூஜைக்கு முந்தின வாரம் பள்ளியில் ‘என் அம்மா’ என்று ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். இரண்டாம் வகுப்பு நிறைமதி முத்து முத்தாக எழுதியிருந்தாள். முதல் வரி: என் அம்மா ஞாயிற்றுக்கிழமை வருவார். டீச்சர் அதற்குச் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார்.

அந்த நோட்டை மூடிவைத்த கையோடுதான் பரிமளா நாலு மூலைக்கும் பழம் வைத்தாள். சிட்டிக்குத் தண்டவாளம் போகிற வடக்குத் திசையில் நின்று சுவருக்குக் கற்பூரம் காட்டினாள். “எல்லாரும் என்னையே நகரு நகருன்னா நான் எங்க போவேன். நீயாவது கொஞ்சம் நகரு” என்று கட்டடத்திடம் சொன்னாள்.

அது நகர்ந்தது. முதல் நாள் சாண், மறுநாள் முழம், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ராத்திரிக்கு நூறு மீட்டர் என்று ஒரு நடை பழகிக்கொண்டது. ஆள்கள் தூங்கும்போது புறப்பட்டு, பால் பாக்கெட் வருவதற்குள் நின்றுவிடும். அடுக்கிய பாத்திரம் அலுங்காது. பன்னிரண்டு குடித்தனமும் இரண்டு நாள் கூடிக் கூடிப் பேசி, மூன்றாம் நாள் அவரவர் சோலியைப் பார்க்கப் போய்விட்டது. ஏனென்றால் எல்லோருக்கும் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது, அதிசயத்துக்கென்று ஒதுக்க யாரிடமும் நேரம் இல்லை. கரண்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டே வயரை நீட்டினார், ஒரு கட்டத்தில் மீட்டரை வண்டியிலேயே வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். தபால்காரர் விலாசத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கோலத்தைப் பார்த்து வந்தார். பரிமளா அவசரத்தில் இழுத்துவிட்டுப் போகிற கோலங்கள் ஒவ்வொன்றும் அந்தந்த நாளின் மண்ணிலேயே தங்கிவிட, மறைமலைநகரிலிருந்து வரிசையாக, நூறு மீட்டருக்கு ஒன்றாக அவை கிடந்தன. புதிதாக வந்த கூரியர்காரன்கூடக் கோலத்தைப் பிடித்தே வீட்டைப் பிடித்தான்.

வழியில் இருந்தவர்களும் சும்மா சொல்லக் கூடாது, தேர் வருகிற தெரு மாதிரி ஒதுங்கிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் கார் நிறுத்தினால் வெட்டுக்குத்து வரை போகிற ஊரில், ஒரு மூன்று மாடிக் கட்டடம் நின்றுவிட்டுப் போக இடம் கிடைத்தது. நின்ற இடத்துக்காரர்களுக்குக் கீழ்வீட்டு நூர்ஜகான் டீ போட்டுக் கொடுத்தாள். அவள் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவை விரித்துக் காட்டுகிறவள், பரிமளாவோடு அதே பெட்டியில் ஏறுகிறவள். ஊரப்பாக்கத்தில் எவரோ ஓர் அதிகாரி சுவரில் ‘இங்கு நிறுத்தக் கூடாது’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார், மறுநாள் வந்து பார்த்தபோது உத்தரவுக்குக் கட்டடம் கீழ்ப்படிந்திருந்தது. வண்டலூரில் மிருகக்காட்சிசாலையின் மதிலோரமாகப் போன நாள்களில் சிங்கம் உறுமுவது படுக்கையில் கேட்டது, பிள்ளைகள் அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொண்டன. கூடுவாஞ்சேரி வந்தபோது பரிமளாவுக்குக் காலையில் கால்மணி நேரம் மிஞ்சியது. தூங்குகிற பிள்ளையை மடியில் சாய்த்து ஒற்றைப் பின்னல் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பெருங்களத்தூரில் இரட்டைப் பின்னல், பிள்ளை பாதிக் கண் திறந்து அம்மா என்றது. பள்ளி மாறியது, ஆனால் பின்னல் பிசகவில்லை. குரோம்பேட்டையில் நிறைமதி முழுசாக விழித்து, அவள் முழங்கால்களுக்கு நடுவே உட்கார்ந்து, முந்தைய நாள் கதை எல்லாவற்றையும் கொட்ட ஆரம்பித்தாள். விரல் பின்ன, காது கேட்க, பிள்ளைக்கு மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்து முளைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். தன் பிள்ளைக்குப் பல் விழுந்தது தெரியாத தாய் என்று யாராவது அவளைத் திட்டினால் திட்டட்டும், ஆனால் திட்டுகிற வாய் ஒரே ஒரு நாள் ஐந்தேகால் வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

இவ்வளவும் நடக்க, வீட்டுக்காரர் தணிகாசலம் என்ன செய்துகொண்டிருந்தார்? அண்ணாநகரில் இருந்தார். முதல் மாதம் பயந்து போய், அடுத்தவன் நிலத்தில் ஏறியதற்குத் தன்னைப் பிடித்துவிடுவார்கள் என்று போனை எடுக்கவே இல்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு தரகர் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். அதிலிருந்து ஸ்டேஷன் தாண்டினால் வாடகையும் தாண்டியது. தன் கட்டடம் எந்த ஊரில் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் ஒன்றாம் தேதிதோறும் காரில் வந்தார், கோலத்தைப் பிடித்துத்தான் வந்தார். ஊரப்பாக்கத்தில் இரண்டு குடித்தனம் காலி செய்தது, தாம்பரத்தில் நாலு. காலியான வீட்டுக்கு எல்லாம் புது ஆள்கள் வந்தார்கள், ஏசி மாட்டினார்கள்.

பரிமளா விட்டுவிடவில்லை. ஏறுகிற வாடகைக்கு ஈடுகட்ட, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலையையும் ஒப்புக்கொண்டாள். திங்கள் முதல் சனி வரை பின்னல் கிடைத்தது, ஞாயிறு போயிற்று. என்ன ஓர் அநியாயம் பாருங்கள், பிள்ளையிடம் வந்து சேர்வதற்காக வைத்திருந்த ஒரே நாளையும் அந்த வழிக்கே சுங்கமாகக் கட்டினாள்.

ஆவணியில் கட்டடம் கிண்டிக்கு வந்தது. அன்றைக்கு முதல்முறையாக அவளும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். ரிப்பன் வைத்துக் கட்டிய இரட்டைப் பின்னலோடு பிள்ளை கையாட்ட, அவள் ஆறே முக்காலுக்குக் கிளம்பினாள். அந்த வாரமே தணிகாசலம் ஆளும் சிமெண்டுமாக வந்து நாலு மூலையிலும் கான்கிரீட் ஊற்றினார். இனிமேல் அது போக வேண்டியதில்லை, இதுதான் நல்ல இடம் என்றார். புது வாடகையைச் சொன்னார். நூர்ஜகான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். பரிமளாதான் பேசினாள்.

“சார், வீட்ட இங்க கொண்டாந்தது நாங்க. நாங்க தூங்காத தூக்கத்துல வந்துது இது. நீங்க ஒரு செங்கல்லகூடத் தள்ளலையே?”

“நானும் தள்ளல, நீங்களும் தள்ளலம்மா. ஏரியா மாறிப்போச்சு. ஏரியாவுக்குத்தானே வாடகை?” என்றார் தணிகாசலம். அவரும் குரலை உயர்த்தவில்லை. “முடியலன்னா இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாத்துக்குங்க. நாப்பது நிமிஷத்துல வந்துடலாம்.”

பழைய குடித்தனங்கள் எல்லாம் ஒரே நாளில் காலி செய்தன. சிங்கப்பெருமாள் கோவிலுக்கே திரும்பிவிடலாம் என்று போய்ப் பார்த்தால், அங்கே அஸ்திவாரக் குழியில் மழைத் தண்ணீர் நின்றது. அதைச் சுற்றிக் கொடி கட்டி, ‘வீடு நடந்த மண், நாளை உங்கள் வீடும் நடக்கும்’ என்று பலகை வைத்து, நிலத்தை மும்மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பரிமளா குடும்பமும் நூர்ஜகான் குடும்பமும் செங்கல்பட்டையும் தாண்டி, ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம் உள்ளே போய்க் குடியேறின. இப்போது அவள் நாலு மணிக்கு எழுந்து நாலரைக்குக் கிளம்பினாள். குணசீலன் மறுபடி ஒயர் முறுக்கினான். மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்ட நிறைமதி தூங்கப் போகும்போது சீப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், ஒருவேளை அம்மாவுக்கு நேரம் கிடைத்தால் தேட வேண்டாமே என்று. பரிமளா அதைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

புரட்டாசி வந்தது. ரயில் பெட்டிக்கு மறுபடியும் பூஜை. வாழைக்கன்று கட்டும்போது, புது வீட்டுக்குப் பழம் வைத்துப் பார்ப்போமா என்று நூர்ஜகான் மெல்லக் கேட்டாள். பெட்டியே திரும்பிப் பரிமளாவைப் பார்த்தது, ஏனென்றால் அந்தக் கேள்வி எல்லோர் மனசிலும் இருந்தது.

“வேணாம்க்கா. வீடு நகர்ந்தா வாடகைதான் கூட வருது” என்றாள் பரிமளா. “நாமளே எத்தன காலம் போயிட்டே இருக்கறது? இந்தத் தடவ அது வரட்டும். வேலைக்கு வெப்போம்.”

கூடையில் இருந்த பழங்கள் பெட்டி முழுக்கக் கை மாறின. ஆளுக்கு நாலு. பத்தாமல், செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஏறியவர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பூக்காரியிடம் இருந்ததையெல்லாம் வாங்கினார்கள். ஜவுளிக்கடைக்கு, பாங்குக்கு, ஏற்றுமதிக் கம்பெனிக்கு, ஆஸ்பத்திரிக்கு, பத்துப் பாத்திரம் தேய்க்கிறவள் தேய்க்கிற வீட்டுக்கு. எல்லாப் பழமும் கைப்பைக்குள் சாப்பாட்டு டப்பாவின் பக்கத்தில் உருண்டுகொண்டு வடக்கே போயின.

லேபிலும் அன்றுதான் பூஜை. மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு, ரத்தத்தைச் சுற்றுகிற மிஷினுக்கு மாலை, குளிர்பெட்டிக்குச் சந்தனம். ஸ்ரீவத்சன் பொரியை மென்றுகொண்டு எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தார். பரிமளா கட்டடத்தின் நாலு மூலைக்கும் போய்ப் பழம் வைத்துவிட்டு, கற்பூரத் தட்டோடு பின்பக்கம், ஜெனரேட்டர் இருக்கிற தெற்குச் சுவருக்கு நடந்தாள். வாசல் இருக்க, கொல்லைப் பக்கம் என்னம்மா கற்பூரம் என்று அவர் கேட்டார். அதுவும் நமக்கு ஆயுதம்தான் சார் என்று சொல்லிவிட்டு, அவள் தெற்கே பார்த்து நின்று மூன்று சுற்றுச் சுற்றினாள்.

விடுமுறை முடிந்து திறந்தபோது லேப் தெற்கே ஒரு சாண் தள்ளியிருந்தது. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் படி இருந்த இடத்தில் காலை வைத்துத் தடுமாறினார்கள், அவ்வளவுதான். ஜவுளிக்கடை முழம் நகர்ந்தது, பாங்கு நகர்ந்தது, கம்பெனி நகர்ந்தது. பதறியவர்கள் பதறினார்கள், கூட்டம் போட்டார்கள், நிபுணர் வந்து அளந்தார். ஆனால் போகிற வழியெல்லாம் ஊர் ஒதுங்கிக் கொடுத்தது, அந்தந்த ஊர்ச் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வீட்டு வாசலுக்கே லேப் வந்ததில் சந்தோஷம்தான். மார்கழி கடைசியில் லேப் கிண்டியைக் கடந்தபோது, கான்கிரீட்டில் காலைப் பதித்து நிற்கிற கோமதி நிவாஸின் ஒவ்வொரு பால்கனியிலும் வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை தொங்கியது. ஊர் எது, ஊருக்கு வெளியே எது என்றே சொல்ல முடியாமல் ஆகிக்கொண்டிருந்தது.

தை மாதத்தில் லேப் மீனம்பாக்கத்துக்குப் பக்கம் வந்து நின்றது. பரிமளாவுக்குப் பறக்கும் ரயிலும் இல்லை, கடைசி நடையும் இல்லை, பாதி வழியிலேயே வேலை வந்து காத்திருந்தது. அன்று காலை அவள் தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்து, பாதித் தூக்கத்தில் இருந்த பிள்ளைக்கு இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டி, நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு நிதானமாகக் கிளம்பி ஏழேகாலுக்கே வந்துவிட்டாள்.

ஸ்ரீவத்சன் அரை மணி பிந்தி எட்டுக்கு வந்தார். மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, நெரிசலில் சட்டைப் பொத்தான் ஒன்று போய், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஐந்து மணிக்கே எழுந்ததாகவும் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்ததாகவும் இரைக்க இரைக்கச் சொன்னார். அவருடைய பேரன் இவர் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தானாம். வரிசையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

பரிமளா சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை, நல்ல யோசனை சொல்கிற தொனியில்தான் கேட்டாள்.

“கொஞ்சம் பக்கத்துலயே வீடு பாத்துக்கக் கூடாதா சார்?”

பிறகு அடுத்த ஆளின் கையை நீட்டச் சொல்லி, ரப்பர் பட்டையைக் கட்டி, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள்.